எண்ணத் தெரிந்த விரல்களுக்கு ஓர் உளி

தீப்பெட்டியிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்து, மருந்துத் தலையை ஒடித்துப் போட்டுவிட்டு, அடிமுனையைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பாருங்கள். குச்சி நீளவாக்கில், நூல் பிடித்தாற்போல் இரண்டாகப் பிளக்கும். இன்னொரு குச்சியைக் குறுக்கே ஒடித்தால் அப்படி நேராகப் பிரியாது. முறிந்த இடத்தில் நார் துருத்திக்கொண்டு நிற்கும். மரம் என்பது நெடுக்கே ஓடும் நார்களின் கட்டு. அந்த ஓட்டத்தோடு போகிற வெட்டு வழுக்கிக்கொண்டு போகும், அதற்கு எதிராகப் போகிற வெட்டு பிய்த்துக்கொண்டு வரும். மரச்செதுக்கில் முதல் பாடம் இதுதான். சிவகாசி வட்டாரத்தில் இந்தக் குச்சியைக் கையில் எடுக்காத வீடு கிடையாது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து கோடிக்கணக்கில் எண்ணி அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குச்சியை மரமாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆனைக்குட்டம் போன்ற ஓர் ஊரில் மரச்செதுக்கைப் பொழுதுபோக்காகக் கற்கலாம் என்று சொன்னால் முதலில் வரும் பதில் சிரிப்புதான். அர்ச்சுனா நதியின் அணை ஒரு பக்கம், பட்டாசு ஆலைகள் மறுபக்கம். வானம் பார்த்த பூமி. ஆலை உண்டென்றால் கூலி, இல்லையென்றால் இல்லை. அங்கே போய் உளியும், அதைத் தட்டும் கொட்டாப்புளியுமா? சிரிப்புக்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருக்கிறது: அது ஆசாரிமார் வேலை, ஸ்தபதி வீட்டுப் பிள்ளைக்கு ரத்தத்தில் வருவது, மற்றவர்களுக்கு வராது. ஆளில்லை, நேரமில்லை, கருவியில்லை என்பதெல்லாம் பிறகு சொல்லப்படும் காரணங்கள். புதிதாக உளி பிடிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கும், பத்து வருடம் செதுக்கியும் முதல் வருடத்துப் பிள்ளையாரையே திரும்பத் திரும்பச் செய்வதற்கும் இந்த நினைப்பே பெரிய காரணம். ரத்தத்தில் இல்லை என்று நம்புகிறவர் கற்கக்கூடியதையும் கற்பதில்லை.

இந்த நம்பிக்கையை உடைக்க வேறெங்கும் போக வேண்டாம், சிவகாசியின் கதையே போதும். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். வணிகக் குடும்பத்து இளைஞர்கள். தீப்பெட்டி அவர்கள் குலத்தொழில் அல்ல, அந்தத் தொழிலே இந்த மண்ணுக்குப் புதிது. சில மாதங்கள் தங்கிக் கற்றுக்கொண்டு திரும்பி 1923இல் இங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அதிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்து கலக்கத் தெரிந்ததும் பட்டாசு வந்தது. ஒரே தலைமுறையில், பரம்பரையாக எந்தக் கைத்தொழிலும் அறியாத ஆயிரக்கணக்கான விரல்கள் குச்சி அடுக்கவும், திரி சொருகவும், சரம் பின்னவும், பெட்டி ஒட்டவும் பழகின. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு சரம் பின்னும் ஒரு பெண்ணின் கையைப் பார்க்கிறவர், கைத்திறன் பிறப்பில் வருவது என்று எந்த முகத்தோடு சொல்ல முடியும்?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சரம் பின்னுவது ஒரே அசைவைப் பல்லாயிரம் தடவை செய்வது. செதுக்குவது ஒவ்வொரு வெட்டிலும் புதிதாக முடிவெடுப்பது. முன்னது பழக்கம், பின்னது கலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பாதி உண்மையும் கூட. பட்டாசு, தீப்பெட்டி வேலை விரலுக்குப் பல வருடப் பயிற்சி கொடுத்திருக்கிறது: எவ்வளவு அழுத்தினால் தாள் கிழியும், எவ்வளவு இறுக்கினால் திரி நிற்கும் என்ற அளவு அந்தக் கைகளுக்குத் தெரியும். உளி பிடிக்க இந்த அளவறிதல் நேரடியாக உதவும். ஆனால் கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் அது கொடுத்திருக்கிறது, வேகம். குரோஸ் கணக்கில் கூலி வாங்கிய கைக்கு நிற்கத் தெரியாது. மணிக்கு எத்தனை என்றுதான் தன் வேலையை அளக்கத் தெரியும். செதுக்கும்போது கை ஓடிக்கொண்டே இருந்தால், நாரின் ஓட்டம் திசை மாறும் இடத்தில் ஒரு சிராய் பிளந்துகொண்டு, உருவத்தின் மூக்கோடு போய்விடும். ஆக, இந்த வட்டாரத்து ஆள் புதிதாகக் கற்க வேண்டியது மற்றவர்களைவிடக் குறைவு. மறக்க வேண்டியதுதான் ஒன்று கூடுதல்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, அரசியலும் வரலாறும் கலந்தது. தமிழ்நாட்டில் ‘கைத்தொழில் கற்கட்டும்’ என்று யார் சொன்னாலும் காது விறைக்கிறது, விறைக்கத்தான் வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, எதிர்ப்பில் சிக்கி, விருதுநகர்க்காரரான காமராசர் 1954இல் முதல்வரானதும் கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோது, தொழிலைப் பிறப்போடு கட்டுகிறதா என்ற அதே கேள்வி மறுபடி எழுந்தது. தமிழக அரசு குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. இந்த வட்டாரத்துக்கு இதோடு இன்னொரு காயமும் உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளை முன்வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய தன் முக்கியத் தீர்ப்பை வழங்கியது. இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளையின் கையில் உளியைக் கொடு என்று இங்கே சொல்வது சாதாரணப் பேச்சல்ல.

ஆனால் குலக்கல்வியில் தவறாக இருந்தது கைவேலையா, குலமா? யார் எதைக் கற்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்ததுதான் தவறு. குழந்தைத் தொழிலில் கொடுமையாக இருந்தது விரல் அசைந்தது அல்ல. அந்த அசைவு எண்ணப்பட்டதும், எண்ணியதை வேறொருவர் கொண்டுபோனதும், அதற்காகப் பள்ளி பறிபோனதும்தான். பொழுதுபோக்குச் செதுக்கு இந்த எல்லாவற்றுக்கும் எதிர்த்திசையில் நிற்கிறது. ஆசாரி வீட்டில் பிறக்காதவர், கூலிக்கு இல்லாமல், எண்ணிக்கை இல்லாமல், செய்ததைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வேலை அது. 1870களில் சுவீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்த ‘ஸ்லாய்டு’ மரவேலை இந்த வேறுபாட்டின் மேல்தான் எழுந்தது. தச்சர்களை உருவாக்குவது அவர் நோக்கமல்ல, பொருள் விற்பனைக்குமல்ல. மெல்லிய குச்சி சீவுவதுபோன்ற எளிய வேலையில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதுக்குப் போகும் வரிசையில் கண்ணையும் கையையும் பழக்குவதே குறி. நம்மூரிலும் பரம்பரைச் சுவர் எப்போதோ விரிசல் விட்டுவிட்டது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரியில் கல், உலோகம், சுதையோடு மரச்சிற்பமும் பாடம்; விண்ணப்பித்துச் சேர்ந்து படிக்கிறார்கள். ஸ்தபதி வீட்டுக்குள் மட்டும் கைமாறிக்கொண்டிருந்த வித்தை வகுப்பறையில் கரும்பலகைக்கு வந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது.

சரி, கற்கலாம். எதை? மரச்செதுக்கில் பொழுதுபோக்காளர் தேங்கி நிற்கும் இடம் பெரும்பாலும் உளியின் முனை. கூர் இல்லாத உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுக்கியதைச் சரிசெய்ய உப்புத்தாளை எடுப்பார்கள். உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க விளிம்புகள் மழுங்கும், முகம் சோப்பில் செய்ததுபோல் ஆகும். தாளிலிருந்து உதிர்ந்த மணல் நாரின் இடுக்கில் தங்கி, அடுத்து வரும் உளியின் முனையையும் தின்னும். கூர் சரியா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. மென்மையான மரத்துண்டின் வெட்டுமுகத்தில், அதாவது நார்களின் முனைகள் தெரியும் பக்கத்தில், கொட்டாப்புளி இல்லாமல் கையழுத்தத்திலேயே ஒரு சீவு சீவ வேண்டும். வெட்டிய இடம் மெழுகு பூசியதுபோல் பளபளத்தால் உளி தயார். மங்கலாக, பொடிப்பொடியாக இருந்தால் இன்னும் கல்லில் தேய்க்க வேண்டும். பளபளப்பின் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால் முனையில் அந்த இடத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ரத்தமும் வேண்டாம், பரம்பரையும் வேண்டாம். கண் போதும்.

சாணை பிடிப்பதில் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பட்டாசு அறைக்குள் இரும்புக் கருவிக்கு இடமில்லை. மரம், பித்தளை, செம்பு போன்ற பொறி பறக்காதவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் உடுப்பிலும் தலைமுடியிலும் அலுமினியப் பொடியும் மருந்தும் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. அந்த உடுப்போடு மின்சாணைச் சக்கரத்தின் முன் உட்காருவது வெடியின் மேல் உட்காருவதற்குச் சமம். குளித்து உடை மாற்றிய பிறகு, சக்கரத்தை விட்டுவிட்டு, தட்டைக் கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தேய்ப்பதுதான் வழி. நல்ல வேளையாக, பாதுகாப்பான அந்த வழியே கைத்தொழிலுக்கும் சிறந்தது. வேகமான சக்கரத்தில் முனை சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விடும். நீலம் பாய்ந்த பகுதி தேய்ந்து போகும்வரை கூர் நிற்காது.

அடுத்தது மரம். தேக்கும் சந்தனமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் தொடங்குவதே இல்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் ஒரே கட்டையில் குடையப்படுபவை. அங்கே மாவும் வேம்பும் வாகையும்கூடச் சிற்பத்துக்குப் பயன்படுகின்றன. கரிசல் காட்டில் கிடைப்பதைப் பார்ப்போம். வேம்பைச் சாமி மரம் என்று முதலில் எடுக்கத் தோன்றும். பூரி ஜகந்நாதரின் திருமேனியே வேம்புதான். ஆனால் வேம்பின் நார் நேராக ஓடாது, பின்னிக்கொண்டு ஓடும். ஒரு விரற்கடை சரியாக வெட்டும் உளி அடுத்த விரற்கடையில் பிய்க்கும். புதிதாகக் கற்பவரைச் சோர்வடையச் செய்வதில் அதற்கு இணையில்லை. சீமைக் கருவேலம் இன்னும் முரடு. இங்கே அதைக் கரிமூட்டத்துக்கு மட்டும் நேர்ந்துவிட்டிருக்கிறோம். அதன் இனமான மெஸ்கிட்டை அமெரிக்காவின் டெக்சாஸில் விலையுயர்ந்த மரச்சாமானுக்கு எடுக்கிறார்கள், ஏனென்றால் காயும்போது அது மிகக் குறைவாகத்தான் சுருங்கும். கோணலும் முடிச்சுமாக வளரும் அந்த மரம் மூன்றாம் வருடத்துக்கு இருக்கட்டும். கொட்டாப்புளிக்குப் புளிய மரத்தை விடச் சிறந்தது தேட வேண்டாம்.

முதல் வருடத்துக்குப் பூவரசு. பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதும் அதே மரம். நெருக்கமான நார், கை தாங்கும் உறுதி, வெளியே வெளிறிய மரமும் உள்ளே கருஞ்சிவப்பு வைரமுமாக இரண்டு நிறம். பசிபிக் தீவுகளில் இதற்கு மதிப்பே தனி. ஈஸ்டர் தீவின் இன்னும் வாசிக்கப்படாத ரொங்கொரொங்கோ எழுத்துகள் பொறித்த மரப்பலகைகளில் சில பூவரசுதான் என்று கண்டறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் அது வேலியோரத்தில் நின்று, கிளை கழித்தால் அடுப்புக்குப் போகிறது. கழித்த கிளையைக் கேட்டு வாங்கி, வெட்டுமுகங்களில் மெழுகு தடவி, நிழலில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் வெடிப்பில்லாமல் காயும். வெயிலில் போட்டால் ஒரே வாரத்தில் பிளக்கும். பட்டாசைக் காயவைக்கும் வெயில் மரத்துக்கு ஆகாது.

கூரும் மரமும் கைவந்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும், ஆழம். அதுவும் சிவகாசியோடு தொடர்புடையது. தமிழ்நாட்டில் சாமி உருவம் செதுக்க நினைப்பவர் மாதிரிக்கு எடுப்பது காலண்டர் படத்தை. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் தீட்டி, சிவகாசி அச்சகங்கள் வீடுதோறும் கொண்டுசேர்த்த முருகனும் லட்சுமியும்தான் நம் மனதில் சாமியின் முகம். ஓவியத்தில் அவை அழகு. செதுக்குகிறவருக்குப் பொறி. தட்டையான தாளில் மூக்கின் உயரத்தை ஒரு நிழல் சொல்லிவிடுகிறது. மரத்தில் அந்த நிழலை வரைய முடியாது, மூக்கை உண்மையிலேயே உயர்த்தி, கண்குழியை உண்மையிலேயே தாழ்த்தினால்தான் நிழல் தானாக விழும். படத்தின் கோடுகளை அப்படியே மரத்தில் கீறி, கோட்டுக்கு இருபுறமும் கொஞ்சம் சுரண்டிவிட்டு, ஏன் உயிர் வரவில்லை என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். சிற்ப நூல்களின் தாலமானம், உருவத்தின் உயரத்தை, உத்தம தசதாலம் என்றால் 124 பங்காகப் பிரித்து ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு சொல்லும். அளவு தெரிந்துவிடும், உறுப்புக்கு உறுப்பு மேடும் பள்ளமும் எப்படி இறங்கி ஏறுகின்றன என்பதைக் கண் பழகித்தான் கற்க வேண்டும். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. அரசு முத்திரையில் உள்ள கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், வடபத்ரசாயி கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் தசாவதாரமும் புராணக் காட்சிகளும் மரத்தில் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். நேரே நின்று பார்க்கும்போது ஓர் உருவம். நாலடி நகர்ந்து பக்கவாட்டில் பார்த்தால், தோளுக்கும் முழங்காலுக்கும் எவ்வளவு மரம் விட்டிருக்கிறார்கள் என்பது புரியும். காலண்டரை எவ்வளவு நகர்த்திப் பார்த்தாலும் அது தெரியாது.

பயிற்சியால் எல்லாம் வந்துவிடுமா, திறமை என்று ஒன்று இல்லவே இல்லையா? அப்படிச் சொன்னால் பொய். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, தேர்ச்சி தனித்துச் செய்த பயிற்சி மணிகளோடு ஒட்டி உயர்வதைக் காட்டினார்கள். 2014இல் புரூக் மக்நமாராவும் சகாக்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இசையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தைத்தான் பயிற்சி விளக்கியது. ஆக மீதி வேறெங்கிருந்தோ வருகிறது. இருக்கட்டுமே. அந்த மீதி, இருவரில் யார் மேல் என்ற போட்டிக்குத்தான் பதில் சொல்கிறது. பொழுதுபோக்காளரின் போட்டி போன வருடத்துத் தன் கையோடுதான். அந்தப் போட்டியில் ஜெயிப்பதற்கு ஒரே சிறிய உருவை, முந்தையதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திரும்பச் செய்வதை விட நல்ல வழி இல்லை. பிள்ளையாரை விட்டுவிட்டு ஓர் உள்ளங்கை அகலத் தாமரையை எடுத்துக்கொள்ளலாம். இதழின் ஓரத்தில் உளியைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு தட்டு. பிறகு வெளியிலிருந்து சாய்வாக அந்த வெட்டை நோக்கி ஒரு சீவு. முதல் வெட்டு போதிய ஆழம் போயிருந்தால் சீவல் தானாகக் கழன்று விழும். போகாவிட்டால் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிடுங்கினால் இதழையும் சேர்த்துக்கொண்டு வரும். எட்டு இதழ், எட்டிலும் நாரின் திசை வேறு, அதனால் ஒரே பூவில் எட்டுப் பாடம். அப்படிப் பத்துப் பூ செய்து, பின்பக்கத்தில் தேதி எழுதி, வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு முன்னேறினோமா என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி சுழலும் இயந்திரம் அரை நாளில் கதவு நிறையத் தாமரை வெட்டித் தள்ளுகிறதே, பிறகு எதற்குக் கை என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. நடந்து போகிறவரிடம் பஸ் இருக்கிறதே என்று யாரும் கேட்பதில்லை.

நேரம் எங்கே என்ற கேள்வியை அப்படித் தள்ள முடியாது. எட்டு மணி நேரம் திரி சொருகிய விரலுக்கு மாலையில் ஓய்வுதான் வேண்டும். அதை ஒரு பத்திரிகைக் கட்டுரை மறுத்தால் அது திமிர். ஆனால் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு நாட்காட்டி உண்டு. மழை பெய்தால் வேலை நிற்கும், தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். அந்த நாட்களில் கை சும்மா இருக்கிறது, மனம் கடன் கணக்குப் பார்க்கிறது. செதுக்கு அந்தக் கடனை அடைக்காது. இரண்டு மூன்று உளி, ஒரு கல், வேலியோரத்துக் கட்டை என்பதோடு முடிவதால் புதுக்கடனும் வைக்காது.

விற்பனை என்ற கேள்வி கடைசியில் வந்தே தீரும். பத்தாவது பூவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் விலை கேட்பார். கொடுக்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. கவனமாக இருக்க வேண்டியது அடுத்து வருகிறவரிடம். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட நூறு தாமரை வேண்டும், எல்லாம் ஒரே அளவில், தை பிறப்பதற்குள் வேண்டும் என்பார். நல்ல விலையும் சொல்வார். இந்த வட்டாரத்துக் கைக்கு அந்த ஆர்டர் ஒன்றும் பெரிதில்லை, இருபது நாளில் முடித்துவிடும். முதல் பத்துப் பூவுக்குப் பிறகு உளியை நிறுத்திச் சோதிப்பது நின்றுபோகும், நாற்பதாவது பூவில் உப்புத்தாள் வந்துவிடும். தேவைப்படுகிறவர் அந்தக் காசை வாங்கட்டும், ஆனால் அந்த நூறையும் தேதி எழுதிய பத்தையும் ஒரே அலமாரியில் வைக்காமல் இருக்கட்டும்.